திசுவின் சாட்சியமும் நோயாளியின் ஆயுளும்

(சிங்கப்பூரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாய்ப்புற்று என்று தீர்மானமாகிவிட்ட ஒருவருடைய உறவினர், மருத்துவரைத் தனியே அழைத்துச் சென்று கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இன்னும் எவ்வளவு காலம் இருப்பார், டாக்டர்?" அந்தக் கேள்விக்கு விடைகூறத் தகுந்த சாட்சியம், வெட்டியெடுத்த கட்டியின் திசுவுக்குள்ளேயே, அதன் உயிரணுக்கள் உண்டாக்கும் புரதங்களின் வடிவில் பதிந்து கிடக்கிறது என்னும் நம்பிக்கை பல ஆண்டுகளாக மருத்துவ உலகில் வளர்ந்து வந்திருக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய்யாயிற்று, எந்த இடத்தில் பொய்த்தது, நம்மவர்க்கு அதனால் விளைந்த பயன் யாது என்பவற்றை இன்று உங்கள்முன் எடுத்துரைக்க விரும்புகிறேன். திசுக்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பதையே ஜீவனமாகக் கொண்டவன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. ஒரு புரதக்குறி நோயாளிக்கு அளிக்கும் சிகிச்சையை மாற்ற உதவுமாயின் அது போற்றத்தக்கது; அவர் எப்போது இறப்பார் என்று ஊகிப்பதற்கு மட்டுமே உதவுமாயின், அதை அறிக்கையில் எழுதுமுன் எழுதுகிறவன் பலமுறை யோசிக்கக் கடமைப்பட்டவன்.

இந்த வியாதி தமிழருக்குப் புதியதன்று. சென்னையில் அறுவை மருத்துவராக இருந்த நிப்லாக் என்பவர் 1902ஆம் ஆண்டிலேயே, நம் மக்களிடையே காணும் வாய்ப்புற்றை வெற்றிலை மெல்லும் வழக்கத்தோடு தொடர்புபடுத்தி எழுதினார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பதும் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததுமான நெய்யூரில், எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட சோமர்வெல் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்ட அந்த மிஷன் மருத்துவமனையில், உடன் பணிபுரிந்த ஐ. எம். ஓர் என்னும் மருத்துவர், வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைக் குறித்து விரிவானதொரு கட்டுரையை 1933இல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார். மேல்நாட்டு மருத்துவ நூல்கள் நாக்கின் புற்றையே பெரிதாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நம் நாட்டுக் கூலித் தொழிலாளிக்கும் குடியானவப் பெண்ணுக்கும் கன்னத்தின் உட்புறத்தில், சவைத்த தாம்பூலத்தை மணிக்கணக்காக அடக்கி வைக்கும் அந்த இடத்திலேயே புற்று முளைப்பதைக் கண்டு சொன்னவர்கள், ஆய்வுக்கூட வசதி அதிகமில்லாத இத்தகைய ஊர் மருத்துவர்களே என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

கடல் கடந்து இங்கே வந்த நம் முன்னோரோடு தாம்பூலமும் வந்தது, வியாதியும் வந்தது. வந்ததை எண்ணிக் கணக்கிட்டவர் ஒரு தமிழர். யாழ்ப்பாணத் தமிழ் மரபில் தோன்றி, சிங்கப்பூர் நோய்க்குறியியலின் தந்தை என்று போற்றப்பெற்ற பேராசிரியர் சண்முகரத்தினம், 1968ஆம் ஆண்டு முதல் இத்தீவில் புற்றுநோயாளர் ஒவ்வொருவரையும் பதிந்துவைக்கும் பதிவகத்தை உருவாக்கினார். மூக்குத் தொண்டையின் புற்று சீனரிடையே, அதிலும் சில வட்டார மொழிக் குழுவினரிடையே, மிகுந்திருப்பதை ஆராய்ந்தவராக உலகம் அவரை அறியும். அதே பதிவேடுகளில் வாய்ப்புற்று இந்தியரிடையே மற்ற இனத்தவரைக் காட்டிலும் மிகுந்திருந்ததும் தெளிவாகப் பதிவாயிற்று. ஒரே தீவில், ஒரே காற்றைச் சுவாசித்து, அருகருகே வசிக்கும் மக்களுக்கு வெவ்வேறு இடங்களில் புற்று வருகிறதென்றால், காரணத்தின் ஒரு பகுதியையேனும் பழக்கத்தில் தேட வேண்டும் என்பது அந்த எண்கள் கற்பித்த பாடம். ஆயுள் நிர்ணயத்தைப் பற்றிய ஆராய்ச்சி எதுவானாலும் இத்தகைய பதிவேடு இல்லாமல் நடவாது. சாயமேற்றிய தகட்டில் கண்டதை, அந்த நோயாளி எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்ற தகவலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அல்லவா குறிக்கு அர்த்தம் பிறக்கிறது?

புகையிலை சேர்க்காமல் வெறும் வெற்றிலை பாக்கு போட்டால் தீங்கில்லை என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் பலமாக இருப்பதால், வழியில் இதையும் சொல்லிச் செல்வது அவசியம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவாண்மை, புகையிலை கலந்த தாம்பூலத்தை 1985இலும், புகையிலை கலவாத தாம்பூலத்தையும் பாக்கையும் 2004இல் வெளியான அறிக்கையிலும், மனிதருக்குப் புற்றுண்டாக்குபவை என்று ஐயமின்றி வகைப்படுத்தியிருக்கிறது. குட்கா, கைனி, ஜர்தா முதலியவற்றைச் சிங்கப்பூர் அரசாங்கம் 2016 ஆகஸ்டு முதல் தடைசெய்துவிட்டது. பாக்கு அந்தத் தடைக்குள் அடங்கவில்லை. மங்கல காரியங்களில் தட்டில் வைத்து மரியாதை செய்யும் வழக்கத்தை நான் குறைகூற வரவில்லை. நாள்தோறும் கன்னத்தில் அடக்கும் வழக்கத்தைப் பற்றியே பேசுகிறேன்.

இனிப் புரதங்களுக்கு வருவோம். கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மயிரிழையினும் மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றிப் பார்ப்பது பழைய முறை. அந்த முறையில் உயிரணுவின் உருவம் தெரியும். அதற்குள் எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது. குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிச்சென்று பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஒளிரும் பொருளோடு பிணைத்துத் திசுவில் காணலாம் என்று ஆல்பர்ட் கூன்ஸ் 1941இல் காட்டினார். ஒரே தன்மையுள்ள எதிர்ப்பொருளை வேண்டிய அளவுக்கு உற்பத்தி செய்யும் வழியை 1975இல் கோலரும் மில்ஸ்டீனும் கண்ட பிறகு, அந்த வித்தை உலகெங்கும் சாதாரண மருத்துவமனைகளுக்கும் வந்து சேர்ந்தது. இன்று ஒரு புரதம் இருக்குமிடத்தில் தகடு பழுப்பு நிறம் கொள்கிறது. அந்தப் பழுப்பைப் படிப்பது எங்கள் நித்திய வேலை.

இந்தக் குறிகளுள் தலைமையானது பி53 என்னும் புரதம். அதற்கும் இந்நகருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 1979இல் அதைக் கண்டவர்களுள் ஒருவரான டேவிட் லேன், 2004இல் இங்கு வந்து மூலக்கூறு உயிரணு உயிரியல் கழகத்தின் தலைமையை ஏற்று, பின்னர் இந்நாட்டு அறிவியல் ஆராய்ச்சி அமைப்பின் தலைமை விஞ்ஞானியாகவும் விளங்கினார். உயிரணுவின் மரபுச் சரத்தில் சேதம் நேர்ந்தால், அது செப்பனிடப்படும் வரையில் உயிரணு பிரிவதை நிறுத்திவைப்பதும், செப்பனிட இயலாதாயின் அவ்வுயிரணுவைத் தானே மடியச் செய்வதும் பி53இன் தொழில். அதனால்தான் மரபணுத் தொகுதியின் காவலன் என்று 1992இல் லேன் அதற்குப் பெயரிட்டார். கண்டுபிடித்த முதற் பத்தாண்டு காலம் அதே புரதத்தைப் புற்றை வளர்ப்பது என்றே விஞ்ஞான உலகம் கருதியிருந்தது என்பதும், 1989ஆம் ஆண்டையொட்டி வந்த ஆராய்ச்சிகளே அது புற்றைத் தடுப்பது என்று நிலைநாட்டின என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கன. ஆய்வாளர்கள் கையில் கிடைத்தவை பெரும்பாலும் விகாரப்பட்ட வடிவங்களாயிருந்தமையே அந்த மயக்கத்துக்குக் காரணம்.

மயக்கம் அத்துடன் ஒழியவில்லை. தகட்டைப் படிப்பதிலும் தொடர்ந்தது. இயல்பான உயிரணுவில் பி53 உண்டாகிச் சில நிமிஷங்களிலேயே சிதைக்கப்படுகிறது. ஆகவே சாயம் அங்கொன்றும் இங்கொன்றுமாக மெலிதாகவே ஏறும். மரபணு பிறழ்ந்தால், பிறக்கும் புரதம் கடமையும் செய்யாது, சிதையவும் செய்யாது உட்கருவில் குவிகிறது. தகடு அடர்ந்த பழுப்பாகிறது. இதைக் கண்டவர்கள், பழுப்பேறியவர்க்கு ஆயுள் குறைவு, ஏறாதவர்க்கு ஆயுள் அதிகம் என்று எளிதாகத் தீர்ப்புக் கூறத் தொடங்கினார்கள். ஆனால் சில பிறழ்வுகள் புரதத்தைப் பாதியிலேயே துண்டித்துவிடுகின்றன. அப்போது குவிவதற்கு எதுவும் இல்லை. தகடு முற்றிலும் வெறுமையாக நிற்கிறது. அந்த வெறுமையை ஆரோக்கியத்தின் அடையாளமாக எண்ணிய அறிக்கைகளில், மிகக் கொடிய கட்டிகள் சில நல்லவற்றின் வரிசையில் அமர்ந்திருக்கும். ஒரு குறியைப் பற்றி ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டுக்கொண்டே இருக்குமானால், நோயாளிகளின் வேற்றுமையைத் தேடுமுன் இப்படிப்பட்ட அடிப்படைப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது நலம். இன்று நாங்கள் எங்கும் அடர்ந்திருப்பதையும் எங்கும் இல்லாதிருப்பதையும் சமமாக விகாரத்தின் அடையாளங்களாகக் கொண்டு, ஆங்காங்கே ஏற்றத்தாழ்வோடு காண்பதை மட்டுமே இயல்பென்று எழுதுகிறோம்.

சாயத்தை விட்டு மரபணுவையே படித்தபோது நிலைமை சற்றுத் தெளிந்தது. தலை, கழுத்துப் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட 420 நோயாளிகளை ஆராய்ந்து 2007இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், அவர்களுள் 224 பேருக்கு இந்த மரபணு பிறழ்ந்திருந்தது. புரதத்தின் அமைப்பையே குலைக்கும் பிறழ்வு உடையவர்களுக்கு இறப்பின் வேகம், பிறழ்வு இல்லாதவர்களைப் போல 1.7 மடங்காக இருந்தது. உறுதியான முடிவுதான்; அவசரப்பட்டுப் பொருள்கொள்ளக் கூடாத முடிவும்கூட. ஆய்வு முடியுமுன் பார்வைக்கு அப்பாற்பட்டுப் போனவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு உயிர்வாழ்வின் படிக்கட்டு வரையை வரையும் வழியை 1958இல் கப்ளானும் மையரும் வகுத்தார்கள். அந்த வரைகள் இரண்டு பிரிந்து செல்வதைக் காணும்போது, ஒரு கூட்டம் முழுதும் வாழ்ந்ததாகவும் மற்றது முழுதும் மாண்டதாகவும் மனம் கற்பித்துக்கொள்கிறது. உண்மையில் மேல்வரையைச் சேர்ந்தவர்களுள் ஓராண்டுக்குள் மறைந்தவரும், கீழ்வரையைச் சேர்ந்தவர்களுள் பல்லாண்டு வாழ்ந்தவரும் இருப்பார்கள். இரு கூட்டங்களை வேறுபடுத்திக் காட்ட வல்ல குறி, நம்முன் நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவர் எந்தப் பக்கம் சேர்வார் என்று காட்ட வல்லதாக இருந்தே தீரவேண்டும் என்ற நியதி இல்லை.

உயிரணுப் பெருக்கத்தைக் காட்டும் கி-67, சைக்ளின் டி1, உயிரணுக்களைப் பிணைத்துவைக்கும் ஈ-கேடரின், போடோபிளானின் என்று ஒரு நீண்ட வரிசை உண்டு. ஒவ்வொன்றைப் பற்றியும் சாதகமாகவும் பாதகமாகவும் கட்டுரைகள் குவிந்திருக்கின்றன. அவற்றுள் பலவற்றில் நோயாளிகள் சில டஜன். எத்தனை சதவீத உயிரணுக்கள் சாயமேறினால் 'மிகுதி' என்பதை முடிவைப் பார்த்த பிறகு வகுத்துக்கொண்ட எல்லைக்கோடு. பாதகமான முடிவுகள் அச்சேறாமலே நின்ற நிலை. இந்தக் குறைகளைக் கண்டு, இத்தகைய ஆய்வுகளை எவ்வாறு எழுத வேண்டும் என்று 2005இல் ஒரு சர்வதேச நெறிமுறை வகுக்கப்பட்டது. அதற்குப் பின்னும் வாய்ப்புற்றில் இவற்றுள் ஒன்றேனும் அன்றாடச் சிகிச்சைக்குள் நிலையான இடம் பெறவில்லை. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. எத்தனையோ இளம் ஆய்வாளர்களின் உழைப்பு அந்தத் தகடுகளில் அடங்கியிருக்கிறது.

இ.ஜி.எஃப்.ஆர். என்னும் வளர்ச்சி ஏற்பியின் கதை சற்று வேறு. தலை, கழுத்துப் புற்றுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அது மிகுந்து காணப்படுகிறது. அதைத் தடுக்கும் மருந்தும் கிடைத்தது. ஆயினும் புரதம் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கு மருந்து பலிக்கும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. எங்கே பலிக்கிறது என்பதற்கான ஒரு துப்பு இவ்வூரிலேயே கிடைத்தது. லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறினால் நான்காம் நிலையமாக வரும் ஊட்ரம் பார்க்கில் இறங்கி நடந்து செல்லும் தூரத்திலுள்ள தேசியப் புற்றுநோய் மையத்தின் ஆய்வாளர்கள், இம்மருந்துக்கு எதிர்பாராத வகையில் நன்கு இணங்கிய நோயாளியிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஆராய்ந்து, 2017இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். புரதத்தின் அமைப்பைச் சிறிதும் மாற்றாத ஒரு மரபெழுத்து வேறுபாடு, புரதமாக மாறாத ஒரு துணைச் செய்தியிழையின் அளவைக் குறைத்து, அதன் வழியாகக் கட்டியை அந்த ஏற்பியையே நம்பி வாழச் செய்துவிடுகிறது என்பது அதன் சாரம். பழுப்பு நிறத்தின் ஆழத்தை மட்டும் அளந்துகொண்டிருப்பவர் கண்ணுக்கு இது ஒருநாளும் தென்பட்டிருக்காது.

பி16 பற்றிய செய்தியை நம்மவர் மிகுந்த ஜாக்கிரதையோடு கேட்க வேண்டும். டான்சிலும் நாக்கின் அடியும் அடங்கிய தொண்டைப் பகுதியில், பாப்பிலோமா வைரஸால் உண்டாகும் புற்றில் இந்தப் புரதம் நிறைந்து காணும். அவ்வகை நோயாளிகளுள் மூன்றாண்டு முடிவில் 82.4 சதவீதத்தினரும், வைரஸ் தொடர்பில்லாதவர்களுள் 57.1 சதவீதத்தினரும் உயிரோடிருந்தனர் என்று 2010இல் வெளியான பெரிய ஆய்வு கூறிற்று. பத்திரிகைகளில் இச்செய்தியைப் படித்துவிட்டு, கன்னத்திலோ நாக்கின் முன்பகுதியிலோ புற்றுள்ளவரின் மக்கள், "அப்பாவுக்கு பி16 பார்த்தீர்களா?" என்று ஆசையோடு கேட்கிறார்கள். பாக்கினாலும் புகையிலையினாலும் விளையும் வாய்ப்புற்றுக்கு அந்த ஆறுதல் பொருந்தாது. ஒரு விரல்கடை தூரத்தில் அடுத்தடுத்திருக்கும் இரண்டு உறுப்புகளின் புற்று, காரணத்தாலும் போக்காலும் இரு வேறு வியாதிகள்.

அப்படியானால் வாய்ப்புற்றில் ஆயுளைப் பற்றி நம்பத்தக்கதாகப் பேசுவது எது? கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா, பரவியிருந்தால் கணுவின் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியேறியிருக்கிறதா என்னும் பழைய விஷயங்களே. 2018இல் நடைமுறைக்கு வந்த நிலைநிர்ணய முறையில், அகலத்தோடு ஆழமும் சேர்க்கப்பட்டு, 5 மில்லிமீட்டரும் 10 மில்லிமீட்டரும் எல்லைகளாக வகுக்கப்பட்டன. ஓர் அளவுகோலைத் தவிர வேறு கருவி எதுவும் வேண்டாத அளவை இது. அந்தப் பழைய விஷயம் சிகிச்சையை மாற்றியதும் இந்தியாவில்தான். தொடக்க நிலை வாய்ப்புற்றுக்கு அறுவை செய்யும்போது, கழுத்தில் கட்டி கைக்குத் தட்டுப்படாவிட்டாலும் கணுக்களை அப்போதே நீக்கிவிடுவதா, தட்டுப்படும் வரையில் காத்திருப்பதா என்று மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் டி'குரூஸ் தலைமையில் ஆராய்ந்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, உடனே நீக்கியவர்களுள் 80 சதவீதத்தினரும் காத்திருந்தவர்களுள் 67.5 சதவீதத்தினரும் மூன்றாண்டு முடிவில் உயிரோடிருந்தனர். நூற்றுக்குப் பன்னிரண்டு உயிர்களுக்கு மேல்! எந்தப் புரதக்குறியும் வாய்ப்புற்றில் இவ்வளவு பெரிய தொண்டு செய்ததாக நான் அறியேன்.

புரதங்களுள் ஒன்று மட்டும் அண்மைக் காலத்தில் சிகிச்சை அறைக்குள் உரிமையோடு நுழைந்திருக்கிறது. பி.டி.-எல்1 என்பது, கட்டி தன்னைத் தாக்கவரும் தற்காப்பு உயிரணுக்களை அடக்கிவைக்கப் பயன்படுத்தும் புரதம். அந்த அடக்குமுறையை விலக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்தைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வில், மீண்டும் தலைகாட்டிய அல்லது பரவிய புற்றுடையவர்களுள், இந்தப் புரதக் கணக்கு இருபதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பழைய சிகிச்சையில் நடுமதிப்பாக 10.7 மாதமும், இம்மருந்தில் 14.9 மாதமும் வாழ்ந்தார்கள். நான்கு மாதம் அற்பமா என்று கேட்கலாம். நடுமதிப்பு என்பதால், பாதிப்பேர் அதற்கு மேலும் வாழ்ந்தார்கள் என்பதை மறக்கலாகாது. 2025இல் வெளியான மற்றோர் ஆய்வு, அறுவைக்கு முன்னும் பின்னும் அதே மருந்தை அளித்தால், வியாதி திரும்பாமலும் முற்றாமலும் இருக்கும் காலத்தின் நடுமதிப்பு 30.4 மாதத்திலிருந்து 51.8 மாதமாக நீள்வதைக் காட்டிற்று. இங்கே பழுப்பு நிறத்தைப் படிப்பவன் ஆயுளைக் கணிப்பதோடு நிற்கவில்லை. எந்த மருந்து எப்போது என்பதைத் தீர்மானிப்பதில் பங்கேற்கிறான். கட்டியின் ஒரு மூலையில் கிள்ளியெடுத்த துணுக்கு முழுக் கட்டியையும் பிரதிபலிக்காது போகலாம் என்ற கவலை இதிலும் உண்டு. கூடுமானவரை போதிய அளவு திசுவைக் கேட்டுப் பெறுவதும், எண்ணுவதற்குத் தகாத துணுக்கைத் 'தகாதது' என்றே எழுதுவதும் எங்கள் கடமை.

எண்களை எப்படிச் சொல்வது என்பது பெரிய காரியம். "ஆறு மாதம்" என்று ஒரே சொல்லில் கூறிவிடும் மருத்துவரையும், ஒன்றுமே கூறாமல் நழுவும் மருத்துவரையும் நம் சமூகம் கண்டிருக்கிறது. என் அனுபவத்தில், "இதே நிலையில் வந்த நூறு பேரில் இத்தனை பேர் ஐந்தாண்டுக்குப் பிறகும் நன்றாக இருக்கிறார்கள், ஐயா, அதில் உங்களைச் சேர்க்க நாங்கள் செய்யப்போவது இது" என்று தமிழிலேயே சொன்னால், எழுத்தறியாத முதியவரும் அதன் பொருளை முழுதும் விளங்கிக்கொள்கிறார். குடும்பத்தார் மறைத்துவைக்கச் சொல்லும்போதுகூட, நோயாளி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்டுவிடுவது உத்தமம்.

கடைசியாக அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம். திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தார் 1996இல் தொடங்கிய பெரும் ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றினால் நேரும் மரணம் 34 சதவீதம் குறைந்தது என்று 2005இல் வெளியிட்டார்கள். வெண்படலம், செந்திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் அகலத் திறக்கமுடியாமல் கன்னம் இறுகிப்போதல் ஆகிய இவற்றைக் காணக் கண்ணும் கைவிளக்கும் போதும். ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் ரேஸ்கோர்ஸ் சாலையிலும் கூடுகின்ற நம் தொழிலாளத் தம்பியரில் பலருக்கு, வலி வந்தாலன்றி மருத்துவரிடம் செல்லும் வசதியோ துணிவோ இல்லை. இந்த வியாதியோ தொடக்கத்தில் வலிப்பதில்லை. அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு முன், தமிழ் பேசும் பல் மருத்துவர் சிலரை அழைத்து, மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை இப்பகுதியில் வாய்ப் பரிசோதனை நடத்த முடியுமா என்று பாருங்கள். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கைவிளக்கு, கண்ணாடி, துணிச்சுருள் இவ்வளவே தேவை. ஐயத்துக்குரியதாகக் கண்டவரைத் திசுச் சோதனை முடியும் வரை உடன் அழைத்துச் செல்ல ஒரு தொண்டரும், அந்தச் சோதனைக்கு ஆகும் செலவுக்கு ஒரு தொகையும் ஒதுக்க வேண்டியிருக்கும். தகடுகளை இலவசமாகப் பார்த்துக்கொடுக்க நான் இன்றே ஒப்புக்கொள்கிறேன்.